பதினெட்டுக் கோடியும் எஞ்சின் பங்கும்

தலைமன்னாரில் பெனடிக்ற்றின் போட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. கடலில் எது கிடைத்தாலும் அது போட்டில் இருக்கிற நாலு பேருக்கும் பொது. கரையில் கிடைத்தால் எடுத்தவனுக்கு. எழுதி வைத்த சட்டமல்ல, ஆனால் எழுதி வைத்தவற்றைவிடக் கண்டிப்பாக நடந்துவந்தது. ஒரு முறை மிதந்து வந்த நீலப் பீப்பாயை விற்று ஆளுக்கு நானூறு ரூபாயும் எஞ்சின் செலவுக்கு இன்னொரு நானூறும் எடுத்தார்கள். இன்னொரு முறை எதிரே வந்த இந்தியப் படகுக்காரன் ஒருவன் றெனால்ட்டுக்கு ஒரு சட்டையைத் தூக்கிப் போட்டான். அது றெனால்ட்டுக்கு மட்டுமே அளவு என்று தெரிந்தும் நாலு பேரும் கிழமைக்கு ஒருவராக மாறி மாறிப் போட்டுக் கிழித்தார்கள். யதுசனின் ஒல்லித் தோளில் அந்தச் சட்டை தொங்கியதைப் பார்த்துக் கரையில் சிரிக்காதவர்கள் இல்லை.

மீன் விற்ற காசிலும் இதே ஒழுங்குதான். முதலில் எண்ணெய்க் காசைக் கழிப்பார்கள். மிச்சத்தை ஐந்தாகப் பிரிப்பார்கள். பெனடிக்ற், அவன் மனைவி கிறேஸின் தம்பி றெனால்ட், அனோஜன், யதுசன் என்று நாலு பங்கு. ஐந்தாவது பங்கு எஞ்சினுக்கு. பெனடிக்ற்றின் போட் என்று ஊர் சொன்னாலும் அது நாலு பேரின் பெயரிலும் இருந்தது. எஞ்சின் பங்கு பெனடிக்ற் வீட்டு அலுமாரியில், ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் சேர்ந்துகொண்டிருந்தது.

பழைய எஞ்சின் சாகக் கிடந்தது. போன மாதம் நடுக் கடலில் நின்றுவிட்டது. நீரோட்டம் போட்டை இந்தியப் பக்கமாக இழுக்கத் தொடங்க, மூன்று மணி நேரம் சட்டையைக் கழற்றி வீசி வீசிக் காட்டிய பிறகுதான் வேறொரு போட் வந்து கட்டி இழுத்தது. அந்த மூன்று மணி நேரமும் அனோஜன் வாயே திறக்கவில்லை. முன்பொரு தரம் இப்படியே எல்லை தாண்டிப் போய் அந்தப் பக்கத்துச் சிறையில் ஏழு மாதம் கிடந்தவன் அவன். பேசாலையில் ஒருவர் கைமாறின எஞ்சின் ஒன்றை நாலு லட்சத்துக்குத் தருவதாகவும் மாத முடிவுவரை பொறுப்பதாகவும் சொல்லியிருந்தார். ரின்னுக்குள் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் இருந்தது. இன்னும் கொஞ்சம் மூச்சுப் பிடித்தால் போதும்.

அந்த நேரம் பார்த்துத்தான் பரிசு விழுந்தது.

திங்கட்கிழமை காலை ஆறு மணி தாண்டி, வலை இழுத்துக்கொண்டிருந்தபோது அணியத்தில், போட்டின் முன்பக்கத்தில், பெனடிக்ற் கழற்றிப் போட்டிருந்த சட்டைப் பையில் போன் ஒரு முறை ஒலித்தது. ஈரக் கையைத் தொடையில் துடைத்துவிட்டு எட்டி எடுத்துப் பார்த்தான். மின்னஞ்சல். போன வருடம் மண்ணெண்ணெய் நிவாரணத்துக்குப் பதியும்போது எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி வேண்டும் என்றார்கள். அவனுடைய மகள் டினோஜா கரையோரக் கொட்டிலான வாடியில் இருந்தபடி ஒரே மூச்சில் நாலு பேருக்கும் திறந்து கொடுத்திருந்தாள். அதற்குப் பிறகு அதில் ஒரு கடிதமும் வந்ததில்லை. இதில் முதல் வரியிலேயே ஒரு பெரிய ஆங்கிலச் சொல். பரீட்சையில் பாஸ் பண்ணிய பிள்ளைகளுக்குச் சந்தியில் கட்டுகிற பதாகைகளில் பார்த்துப் பார்த்து அந்த ஒரு சொல் அவனுக்குப் பழக்கம். வாழ்த்துச் சொல்கிறார்கள். போனைத் திரும்பப் பைக்குள் போட்டான்.

கரைக்கு வந்து, நண்டைக் கொடுத்து, பங்கு பிரித்து, வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் நின்று மொழிபெயர்க்கும் பொத்தானை அழுத்தினான். உங்கள் மின்னஞ்சல் முகவரி உலக அதிர்ஷ்டக் குலுக்கலில் தெரிவாகியுள்ளது. பரிசு நாலரை லட்சம் இங்கிலாந்துப் பவுண். வரியும் அனுப்பும் செலவுமாக இரண்டு லட்சத்து எண்பத்தையாயிரம் ரூபாயை வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு முன் கீழே உள்ள கணக்கில் வைப்பிலிட வேண்டும். பாதுகாப்புக் காரணமாக எவரிடமும் சொல்ல வேண்டாம். கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது, ஊர் பேர் தெரியாத ஆள்.

பவுணை ரூபாயாக்கினான். பதினெட்டுக் கோடி. பூச்சியங்களை விரலால் தொட்டுத் தொட்டு மறுபடி எண்ணினான். பதினெட்டுக் கோடிதான்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் இது மெய்யா பொய்யா என்று ஒரு கணமாவது யோசித்திருப்பார்கள். பெனடிக்ற் யோசிக்கவில்லை. அவனைப் பிடித்துக்கொண்டது வேறு ஒரு கேள்வி. கடிதம் வந்தபோது அவன் போட்டில் இருந்தான். அப்படியென்றால் இது கடலில் கிடைத்ததா, கரையில் கிடைத்ததா?

கடலில் கிடைத்தது என்றால் ஐந்தாகப் பிரிக்க வேண்டும். ஆளுக்கு மூன்று கோடியே அறுபது லட்சம். எஞ்சினுக்கும் மூன்று கோடியே அறுபது லட்சம் போகும். அவ்வளவு காசுக்கு எஞ்சின் வாங்கினால் தலைமன்னார்க் கரையில் வைக்க இடம் வராது. இதை நினைக்க அவனுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் வாசித்தது கரையில் அல்லவா? கடலில் வெறும் வாழ்த்துத்தான் தெரிந்தது. தொகை தெரிந்தது முருங்கை மரத்தடியில். முருங்கை மரம் எந்தக் காலத்தில் கடலில் நின்றது?

அன்று பகல் முழுக்க அவனால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கதிரையில் இருந்தான், எழும்பினான், கிணற்றடிக்குப் போனான், ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்தான். சோற்றில் கை வைத்துவிட்டு வாசலுக்கு வெளியே ஒழுங்கையை எட்டிப் பார்த்தான்.

"என்னப்பா, ஆரும் வாறதெண்டு சொன்னவையே?" என்று கிறேஸ் கேட்டாள்.

"இல்லை. ஏன்?"

"ஒரு வாய் சாப்பிட நாலு தரம் எழும்பிறியள்."

"வெக்கையாக் கிடக்கு" என்றான். கிறேஸ் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குழம்புச் சட்டியை உள்ளே எடுத்துப்போனாள்.

பின்னேரம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த றெனால்ட்டிடம் மெல்ல வாயைக் கொடுத்தான். "ஒரு சாமானை ஒருத்தன் கடலில காணுறான் எண்டு வை. ஆனால் கையில எடுக்கிறது கரையில. அது ஆருக்குச் சேரும்?"

றெனால்ட் என்ன சாமான் என்று கேட்கவில்லை. ஊசி பிடித்த கை அப்படியே நின்றது. "கரையில எடுத்தா எடுத்தவனுக்குத்தான் அத்தான்" என்றான், கேள்வி முடிந்ததும் முடியாததுமாக. "அதில என்ன கதை?"

பெனடிக்ற்றுக்கு வயிறு குளிர்ந்தது. சட்டம் தன் பக்கம்தான். அப்படியும் அன்று அவனுக்கு நித்திரை சரியாக வரவில்லை.

செவ்வாய்க்கிழமை தொழில் முடித்த கையோடு பஸ் ஏறி மன்னாருக்குப் போனான். உப்புக்குளத்தில் றமீஸின் கடையில் போட்டோப் பிரதி, அச்சு, போன் றீலோட் எல்லாம் உண்டு. பாங்குக்குப் போகும்போது கையில் ஒரு தாள் இருந்தால் மரியாதை என்று பெனடிக்ற் நினைத்தான். றமீஸ் கடிதத்தைத் திரையில் பார்த்தான், பிறகு பெனடிக்ற்றைப் பார்த்தான்.

"அண்ணன், நீங்க எங்கயாவது சீட்டு எடுத்தீங்களா?"

"எடுக்காமலும் விழுமாம். ஈமெயிலைத்தான் குலுக்கினதாம்."

"அப்பிடி விழாது அண்ணன். உங்களுக்குக் காசு தாறவன் ஏன் உங்ககிட்டக் காசு கேக்கிறான்? நேத்தும் ஒரு ஆள் இதே கடிதத்தைத்தான் அச்செடுக்க வந்தார். எழுத்துக்கு எழுத்து இதுதான். அவருக்கும் சொன்னன், கோவிச்சுக்கொண்டு போயிட்டார்."

அச்சுக்காசை மேசையில் வைத்துவிட்டுப் பெனடிக்ற்றும் கோவித்துக்கொண்டு போனான். படியிறங்கும்போது அவன் காதில் நின்றது ஒன்றே ஒன்றுதான். இதே கடிதத்தை நேற்று இன்னொருவன் கொண்டுவந்திருக்கிறான். எழுத்துக்கு எழுத்து இதே கடிதம் இன்னொருவன் கையில் எப்படிப் போகும்? யாரோ அவனுடைய போனைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். பரிசை முந்திக்கொண்டு எடுக்கப் பார்க்கிறார்கள். எடுத்துச் சொன்ன ஒரே ஒரு மனிதனின் பேச்சை இப்படியா தலைகீழாகக் காதில் வாங்குவது? பதினெட்டுக் கோடி கண்ணை மறைத்தால் காதும் சேர்ந்து அடைத்துவிடும் போலிருக்கிறது.

போன் எப்போதும் சட்டைப் பையில். வலை இழுக்கும்போது சட்டையைக் கழற்றி அணியத்தில் போடுவது வழக்கம். அங்கே கை வைக்கக்கூடியவர்கள் மூன்றே மூன்று பேர். புதன்கிழமை கடலில் அவன் வலையைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தான். றெனால்ட் கண்ணைச் சந்திக்கவில்லை. யதுசன் ஒரு நாளும் இல்லாத மாதிரிப் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருந்தான். அனோஜன் எப்போதும்போல ஊமை. மூன்று பேருமே கள்ளர்களாகத் தெரிந்தார்கள். பதினொரு வருடம் ஒரே சோற்றுப் பானையில் சாப்பிட்டவர்களை இப்படிப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பார்வையை எடுக்க முடியவில்லை.

அன்று பின்னேரம் கிறேஸ் செபமாலைக்குக் கோயிலுக்குப் போன பிறகு அலுமாரியைத் திறந்தான். அவனிடம் சொந்தமாக இருபதாயிரம்கூட இல்லை. ரின்னுக்குள்தான் காசு. களவு இல்லை, கடன்தான் என்று தனக்குத்தானே சொன்னான். வெள்ளிக்கிழமை பதினெட்டுக் கோடி வந்துவிடும், ரின்னில் நாலு லட்சமாகவே வைத்துவிடலாம், எஞ்சினுக்குச் சந்தோஷம். எண்ணிப் பிரிக்காமல் காசு முழுவதையும் பொலித்தீன் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி, வியாழன் காலையில் சாரத்து மடியில் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். கரைக்கு வந்தால் வீட்டுக்குப் போகாமல் நேரே பஸ்ஸுக்குப் போவதாகத் திட்டம். வீட்டுக்குப் போனால் கிறேஸ் முகத்தை வைத்தே பிடித்துவிடுவாள்.

எஞ்சின் ஐந்தாவது இழுவையில்தான் இருமிக்கொண்டு பிடித்தது. யதுசன் அதைத் தட்டி, "இன்னும் கொஞ்ச நாள் தாக்குப் பிடி ராசா" என்றான். பெனடிக்ற் வேறு பக்கம் பார்த்தான்.

வலை ஏறியபோது எட்டு மணி. நண்டு கொஞ்சம், நாலைந்து சீலா மீன். காற்றும் எழும்பத் தொடங்கியது. பன்னிரண்டு மணிக்கு இன்னும் நாலு மணி நேரம். பஸ்ஸுக்கு ஒரு மணி, பாங்கில் வரிசை, இதற்கிடையில் அந்த இன்னொருவன் முந்திவிட்டால்? வயிற்றில் காசு வியர்த்தது. அவனால் அடக்க முடியவில்லை.

"எனக்கு ஒண்டு தெரிய வேணும்" என்றான். "ஆர் என்ர போனைத் திறந்து பாத்தது?"

றெனால்ட்டின் கையிலிருந்த வலை வழுகிப் போட்டுக்குள் விழுந்தது.

"உங்களுக்கு ஆர் அத்தான் சொன்னது?" என்று கேட்டான் றெனால்ட்.

"என்னத்தை?"

"எனக்குப் பரிசு விழுந்ததை."

பெனடிக்ற்றுக்கு முதலில் விளங்கவில்லை. "உனக்கா? எனக்கெல்லோ விழுந்தது."

யதுசன் மெதுவாகத் தன் போனை நீட்டினான். மூன்று போன்களையும் நண்டுப் பெட்டியின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒரே வாழ்த்து. ஒரே நாலரை லட்சம் பவுண். ஒரே வெற்றி இலக்கம், கடைசி எண்வரை. ஒரே வியாழக்கிழமை, பன்னிரண்டு மணி. எவரிடமும் சொல்ல வேண்டாம் என்ற வரியும் மூன்றிலும் ஒரே இடத்தில் இருந்தது.

"உனக்கு வரேல்லையா?" என்று றெனால்ட் அனோஜனிடம் கேட்டான்.

"வந்தது" என்றான் அனோஜன். "சீட்டே எடுக்காதவனுக்கு ஆர் பரிசு தாறது? தாறவன் ஏன் முதல்ல என்னட்டக் காசு கேக்கிறான்? நாங்கள் எண்ணெய்க் காசைக் கழிச்சுப்போட்டுத்தானே பங்கு பிரிக்கிறம். அவனுக்கு வரி வேணுமெண்டால் பரிசில கழிச்சுக்கொண்டு மிச்சத்தைத் தரலாம்தானே. உது கள்ளரின்ர வேலை எண்டு அழிச்சுப்போட்டன்."

எவ்வளவு நேரான கணக்கு. பதினொரு வருடமாக நாளாந்தம் கையால் கழித்துப் பிரித்த பெனடிக்ற்றுக்கு அது எட்டவில்லை. அவன் தலை தன்னால் குனிந்தது.

"அழிச்சனீ சரி. எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றான் றெனால்ட்.

அனோஜன் தண்ணீரைப் பார்த்தான். "ஒரு பகலும் ஒரு இரவும் நானும் வைச்சிருந்தனான்" என்றான். "மெய்யா இருந்தால் உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டுதான் வைச்சிருந்தனான். பிறகு எந்த முகத்தோட வந்து சொல்லுறது?"

ஒரு கிழிந்த சட்டையைப் பங்கு போட்டவர்கள், நாலு பேரும் நாலு நாளாக ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டு அதே போட்டில் முழங்கால் இடிக்க இருந்திருக்கிறார்கள். எவரிடமும் சொல்ல வேண்டாம் என்ற அந்த ஒரு வரியை எழுதியவன் எங்கே இருந்தானோ, இவர்களை நன்றாகப் படித்து வைத்திருந்தான். இவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லியிருந்தால் திங்கட்கிழமையே எல்லாம் முடிந்திருக்கும்.

"நான் கட்டிப்போட்டன் அண்ணை" என்றான் யதுசன். "முழுக்க இல்லை. அவ்வளவு இல்லையெண்டு எழுதினன், அப்ப பதிவுக் காசு எண்டு பதினையாயிரம் கேட்டவங்கள். மனிசியின்ர தோடு அடைவு வைச்சுத்தான். அடையாள அட்டைப் படமும் அனுப்பினனான். திங்கக்கிழமையே றமீஸ் எவ்வளவோ சொன்னவர்."

"இனி ஒரு சதமும் அனுப்பாதை. கேட்டாலும் மறுமொழி போடாதை" என்றான் அனோஜன். "கரைக்குப் போன உடனே பாங்குக்குச் சொல்லுவம், பிறகு பொலிசில ஒரு முறைப்பாடு. காசு திரும்பி வருமோ தெரியேல்லை. உன்ர அடையாள அட்டையை வைச்சு வேற ஏதும் செய்யாமல் பாக்க வேணும். தோட்டைப் பிறகு பாப்பம்."

யதுசன் தலையாட்டினான். பிறகு, "நீங்கள் கட்டினனீங்களா அண்ணை?" என்று பெனடிக்ற்றிடம் கேட்டான்.

"இல்லை." அது பொய்யில்லை. ஆனால் அவனுடைய கை அவனைக் கேட்காமலே வயிற்றுக்குப் போனது. அனோஜன் அந்தக் கையைப் பார்த்தான்.

"எஞ்சின் காசு எங்க அண்ணை?"

பெனடிக்ற் வீட்டில் என்று சொல்லியிருக்கலாம். கரைக்குப் போய், பஸ்ஸுக்குப் போகாமல் வீட்டுக்குப் போய், கிறேஸ் காணாமல் ரின்னுக்குள் வைத்திருக்கலாம். யாருக்கும் தெரிய வந்திருக்காது. அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நாலு நாளாக ஒளித்து ஒளித்து அவன் களைத்துப்போயிருந்தான். இன்னொன்றை ஒளிக்க அவனிடம் தெம்பு இல்லை. சாரத்து மடியை அவிழ்த்துப் பொட்டலத்தை எடுத்து நண்டுப் பெட்டியின் மேல் வைத்தான்.

"இதைத்தான் இண்டைக்குக் கட்டப் போனனான்" என்றான். "இன்னும் கட்டேல்லை. அப்பிடியே கிடக்கு."

காற்று வலைக் கயிற்றை அசைத்துக்கொண்டிருந்தது. றெனால்ட் பொட்டலத்தைப் பார்த்தான், பெனடிக்ற்றைப் பார்க்கவில்லை. யதுசன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். அனோஜன்தான் கையை நீட்டி எடுத்தான். பொலித்தீனைப் பிரித்து, காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி இருந்து, காசை மடிக்குள் வைத்து எண்ணத் தொடங்கினான்.

பதினொரு வருடத்தில் அந்தக் காசைப் பெனடிக்ற்றைத் தவிர ஒருவரும் எண்ணியதில்லை. இவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அவன் சொல்வான், அவர்கள் தலையாட்டுவார்கள், அத்தோடு சரி. எண்ண வேண்டாம் என்று யாராவது ஒருவன் சொல்வான் என்று பெனடிக்ற் காத்திருந்தான். றெனால்ட்டாவது சொல்வான். அக்காவின் புருசன் அல்லவா? றெனால்ட் அனோஜனின் பக்கத்தில் நகர்ந்து இருந்து, பறக்காமல் இருக்க நோட்டுகளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். அவனுடைய உதடுகளும் சேர்ந்து எண்ணின.

அனோஜன் ஒரு முறை எண்ணி முடித்தான். பிறகு மறுபடி முதலில் இருந்து எண்ணினான்.

"மூண்டு லட்சத்துப் பன்னிரண்டு" என்றான். "சரி."

ஒரு ரூபாயும் குறையவில்லை. குறைந்திருந்தால் பெனடிக்ற் உழைத்துக் கட்டியிருப்பான், அவர்கள் எண்ணிப் பார்த்ததை எதைக் கொண்டு கட்டுவது? அனோஜன் காசைப் பழையபடி சுற்றி அவனிடமே நீட்டினான், அதில் கோபம் ஒன்றும் இல்லை. பெனடிக்ற்றுக்கு அதை வாங்கக் கை எழவில்லை.

"நீயே வை" என்றான்.

வேண்டாம், நீங்களே வையுங்கோ என்று அனோஜன் சொல்லவில்லை. பொட்டலத்தைத் தன் மடியில் கட்டிக்கொண்டு எழும்பிப் போய் எஞ்சின் கயிற்றை இழுத்தான்.